செர்ரி மரம் தானே நிறம் எடுக்கும்

நேயர்களுக்கு வணக்கம். துப்பாக்கிக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பகுதி, என்றதும் வால்நட் மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீளத் துப்பாக்கி செய்தவர்கள் பெரும்பாலும் மேப்பிள் மரத்தில்தான் கட்டை செதுக்கினார்கள். சிலர் கறுப்புச் செர்ரி என்ற செர்ரி வகையிலும் செய்தார்கள். அந்தச் செர்ரி அதே மாநிலத்தின் அலெகெனி மேட்டுநிலக் காடுகளில் இன்றும் நன்றாக வளர்கிறது. சொந்தமாகக் கட்டை செய்துகொள்ள விரும்பும் வேட்டைக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். நான் இன்று பேசப்போவது அதற்கு நிறம் ஏற்றுவதைப் பற்றி மட்டும்தான்.

புதிதாக அறுத்த செர்ரி வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். பழைய வீட்டு மேசைகளில் பார்த்த ஆழ்ந்த செம்பழுப்பை எதிர்பார்த்தவருக்கு அது ஏமாற்றம்தான். உடனே கடைக்குப் போய்ச் சாய டப்பா வாங்கி வந்து பூசிவிடுகிறார்கள். மரம் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகிறது. செர்ரியின் ரேகை, அதாவது மரநாரின் ஓட்டம், எல்லா இடத்திலும் ஒரே திசையில் இருப்பதில்லை. சுழித்துத் திரும்பும் இடமெல்லாம் சாயத்தை அதிகமாகக் குடித்துவிடும். துப்பாக்கிக் கட்டையில் இது இன்னும் மோசம். முழுக்க வளைவாகச் செதுக்குவதால் பல இடங்களில் ரேகையின் குறுக்குவெட்டு வெளியே தெரியும். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: செர்ரிக்குச் சாயம் வேண்டாம்.

அதற்கு வெளிச்சம் போதும். செர்ரி ஒளி பட்டாலே கறுக்கும் மரம். கட்டையை இழைத்து, உப்புத்தாள் போட்டு முடித்ததும் சில நாள் வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள், நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். கட்டை வளையாமல் இருக்க, கடும் உச்சிவெயிலை மட்டும் தவிர்த்துவிடலாம். மேலே டேப்போ வாரோ ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும், அதைக் கவனியுங்கள்.

பொறுமை இல்லையா? காஸ்டிக் சோடா இருக்கிறது. நீர்த்த கரைசலைப் பூசினால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து சில நிமிடங்களிலேயே சிவப்பு ஏறும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அப்புறம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அதே பலகையில் மிஞ்சிய துண்டில் செய்து பாருங்கள். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விதமாகச் சிவக்கும். சிலர் பொட்டாசியம் டைகுரோமேட் பூசுகிறார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ஒரு கட்டைக்காக அதைத் தொட வேண்டியதில்லை.

ஈரம் பட்டால் மரத்தின் நார் சிலிர்த்து எழும். அதனால் கரைசல் பூசுவதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். தோளில் பதியும் முனைக்கு மட்டும் 400 வரை போகலாம். அங்கே நுண்குழாய்கள் திறந்து நிற்பதால் எண்ணெயை அதிகமாக உறிஞ்சி மற்ற இடத்தைவிடக் கறுத்துவிடும்.

முடிப்புக்கு, துப்பாக்கிக் கட்டைக்கென்றே விற்கும் ட்ரு-ஆயில் போன்ற எண்ணெயோ, பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெயோ போதும். விரலால் மெல்லிசாகத் தேய்த்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். இரும்புக் குழல் உட்காரும் பள்ளத்தை மறந்துவிடாதீர்கள். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே பூச்சு இல்லாவிட்டால், மழைக்காலத்தில் அந்த வழியாக ஈரம் ஏறிக் கட்டை முறுக்கிக்கொள்ளும். குழலை அது அழுத்தினால் குறி தவறும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள். நன்றி, வணக்கம்.