முதலைகள் வாழ்ந்த சதுக்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, இந்த வாசகர் வட்டத்தைத் தாங்கி நிற்கும் நூலகர் அம்மா அவர்களே, மே மாத வெயிலிலும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். தம் நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்த தமிழாசிரியர் ஐயாவின் பெருந்தன்மைக்கு நன்றி.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். டெக்சாஸின் எல்லைநகரான எல் பாசோ பாலைவன ஊர். ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். எல் பாசோவின் நடுவிலுள்ள சான் ஹசின்டோ சதுக்கத்தைப் பற்றி மரம், முதலை, டிராம் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

1881இல் ரயில் வந்தது. 1883இல் பூங்கா ஆணையர் சாட்டர்த்வெயிட் அங்கே 75 சீன எல்ம் மரங்களை நட்டு, நடைபாதை போட்டு, குளமும் கட்டினார். அந்தக் குளத்தில் விட்டது எதை என்கிறீர்கள்? உயிருள்ள முதலைகளை! பாலைவனத்தில் முதலை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? குழந்தைகள் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்; அதுபாட்டுக்கு வாயைப் பிளந்து வெயில் காயும். 1950களில் கல்லூரி மாணவர்கள் ஒன்றை ராவோடு ராவாகத் தூக்கிப்போய் நிலவியல் பேராசிரியரின் அறைக்குள் விட்டுவிட்டார்கள். காலையில் அவர் கதவைத் திறந்தால் உள்ளே முதலை!

சிரித்துவிட்டோம். ஆனால் பின்னால் அதே குளத்தில் ஒரு முதலையைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். 1965இல் மிச்சமிருந்தவற்றை விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊரிலேயே பிறந்த சிற்பி லூயிஸ் ஹிமெனெஸ் செய்த கண்ணாடியிழை முதலைகள் 1995 முதல் அங்கே நிற்கின்றன.

முதலை போன பிறகும் மக்கள் வந்தார்களே, எதற்கு? ஹுவாரெஸிலிருந்து பாலம் கடந்து வேலைக்கும் கடைக்கும் வந்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்க அங்கே மரத்தடி இருந்தது. காசு கொடுக்காமல் உட்கார இடம் இருந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நான் மேடைதோறும் சொல்வது இதற்குத்தான்!

டிராம் இருக்கட்டும். நகர்மன்ற உறுப்பினர்கள் இங்கே இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். நம் தேரடித் திடலில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தூங்குமூஞ்சி மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். பூ விற்கிற அம்மாக்கள் எங்கே உட்காருவார்கள்? ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் திட்டத்தை மாற்றிப் போடுங்கள். மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். நன்றி, வணக்கம்.