இருண்டதெல்லாம் பேயா?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, வேலைநாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமை ஆசிரியர் பெருமக்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த உரிமையாளர் ஐயா அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரித் தம்பிகளே, தங்கைகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைப்பைச் சொன்னதும் முகம் சுளிக்காமல் "வந்து பேசுங்கள்" என்று இடம் கொடுத்த வாசகர் வட்டத்துக்கும், அந்தத் தலைப்பை மறைக்காமல் துண்டறிக்கையில் அச்சிட்ட செயலாளருக்கும் தனியாக என் நன்றி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். பாலியல் அடிமைத்தனம் என்று ஒரு நோய் உண்மையிலேயே உண்டா என்று டேவிட் லே என்ற அமெரிக்க மருத்துவ உளவியலாளர் எழுப்பிய கேள்வி ஒன்று. அதற்கு மருத்துவ உலகம் சொன்ன பதில் இரண்டு. கணவனும் மனைவியும் இதைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வது என்பது மூன்று.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள் நம் பெரியவர்கள். இந்தப் பழமொழியைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

டேவிட் லே, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் பணியாற்றுபவர். பாலியல் அடிமைத்தனம் என்பது கட்டுக்கதை என்று 2012-இல் புத்தகமே எழுதினார். அவர் மறுத்த கருத்தைப் பரப்பியவர் பேட்ரிக் கார்ன்ஸ் என்ற அமெரிக்க ஆலோசகர். குடிக்கு அடிமையாவதைப் போலக் காமத்துக்கும் மனிதன் அடிமையாகிறான் என்று கார்ன்ஸ் 1983-இல் எழுதினார். பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 25 கேள்விகள் கொண்ட ஒரு சோதனைத் தாளும் வந்தது. "உங்கள் பாலியல் நடத்தையைப் பிறரிடம் மறைக்கிறீர்களா?" "அதை நினைத்து வருந்தியதுண்டா?" என்று கேட்கிறது அந்தத் தாள். இந்த அரங்கில் யார் "இல்லை" என்று சொல்ல முடியும்? மறைப்பது மனித இயல்பு, வருந்துவது வளர்ப்பு. இரண்டையும் கூட்டி நோய் என்றால் ஊரே நோயாளி. லே சொல்வதன் சாரம் இதுதான். இன்னொன்றும் சொல்கிறார். "அடிமை" என்று முத்திரை குத்தியதும், செய்த செயலுக்கான பொறுப்பு அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது. துரோகம் செய்த கணவன் நோயாளியாகிவிடுகிறான், மனைவி செவிலியாகிவிடுகிறாள்.

இது புதிய கதையல்ல. மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் க்ரீக் என்று ஓர் ஊர். அங்கே பெரிய ஆரோக்கிய இல்லம் நடத்தினார் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். படித்தவர், தேர்ந்த அறுவை மருத்துவர், சைவ உணவுக்காரர். சுயஇன்பம்தான் உடலை அழிக்கும் பெரும் பேய் என்று நம்பினார். பிள்ளை அதைச் செய்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெற்றோருக்காக நீண்ட பட்டியல் போட்டுக் கொடுத்தார். முகப்பரு ஓர் அடையாளம். வளைந்த தோள் ஓர் அடையாளம். நகம் கடித்தால் அடையாளம். மிளகிலும் கடுகிலும் ஆசை இருந்தால் அதுவும் அடையாளம். நம் வீட்டு ரசச் சட்டியில் இருப்பதெல்லாம் அவர் பட்டியலில் இருந்தது. பிள்ளை கூச்சப்பட்டால் அடையாளம் என்றார். அதே பட்டியலில், பிள்ளை துணிச்சலாக இருந்தாலும் அடையாளம் என்றார். கூசினாலும் மாட்டிக்கொள்வான், கூசாவிட்டாலும் மாட்டிக்கொள்வான். இப்போது அந்த 25 கேள்விகளை நினைத்துப் பாருங்கள்.

சிகிச்சை என்ன தெரியுமா? கைகளைக் கட்டிவைக்கச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்காமல் முன்தோலை வெட்டச் சொன்னார், அந்த வலி தண்டனையாக மனத்தில் பதியட்டும் என்று. முன்தோலை வெள்ளிக் கம்பியால் தைக்கச் சொன்னார். பெண் குழந்தைகளுக்குக் கார்பாலிக் அமிலத்தைத் தடவச் சொன்னார். இவர் பிள்ளைகளை வெறுத்தவர் அல்ல, காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பியவர். 1894-இல் அந்த இல்லத்தில்தான் வேகவைத்த கோதுமை ஆறிப் புளித்துப்போக, அதை உருளையில் கொடுத்து அவல் மாதிரி எடுத்தார்கள். சோளத்துக்கு மாறியது பின்னால். சுயஇன்பத்தை நிறுத்தவே கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்தது என்று சிலர் சொல்வது மிகை, அது நோயாளிகளின் செரிமானத்துக்காகச் செய்தது. ஆனால் காரமில்லாத சப்பென்ற உணவு காமத்தை அடக்கும் என்று அவர் நம்பியது உண்மை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஐயா. அரண்டவர் மருத்துவராக இருந்துவிட்டால், பேய் ஓட்டும் பிரம்படி பிள்ளையின் உடம்பில் விழுகிறது.

நம் ஊரில் அந்தப் பேய்க்குத் 'தாது நஷ்டம்' என்று பெயர். விந்து போனால் உயிர் போகும் என்று நடுங்கி வரும் இளைஞர்களைப் பார்த்து, 1960-இல் மனநல மருத்துவர் விக் அதைத் 'தாத்' நோய்க்குறி என்று குறித்தார். லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடும் வைத்தியர்களின் பிழைப்பே அந்த நடுக்கம்தான். பாலின்ப ஆற்றலைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சுவரொட்டி மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1987-இல் 'பாலியல் அடிமைத்தனம்' என்ற சொல் ஓர் ஓரத்தில் நுழைந்தது. 1994-இல் வெளியேறியது. 2013 பதிப்புக்காக 'மிகைப் பாலுணர்வுக் கோளாறு' என்று முன்மொழிந்ததையும் ஏற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இருக்கிறது. ஆகவே துன்பப்படுகிறவர்களே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்த இடத்தைக் கவனியுங்கள். குடியும் கஞ்சாவும் இருக்கும் வரிசையில் வைக்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தார்கள். கட்டுப்படுத்த முடியாத நிலை 6 மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும், வாழ்க்கை கெட வேண்டும். "இது பாவம்" என்ற எண்ணத்தால் மட்டும் வரும் துயரம் போதாது என்றும் எழுதிவைத்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜாஷுவா கிரப்ஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கமே கைகாட்டியது. ஆபாசப் படத்துக்கு அடிமையாகிவிட்டேன் என்ற எண்ணத்துக்கும், அதைப் பாவமாகக் கருதும் மனத்துக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது.

அப்படியானால் ஒருவர் தவித்து வரும்போது என்ன கேட்க வேண்டும்? எப்போது தொடங்கியது என்று முதலில் கேளுங்கள். திடீரென்று தொடங்கி, கூடவே தூக்கம் குறைந்து, பேச்சும் செலவும் பெருகியிருந்தால் அது, மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறின் எழுச்சி நிலையாக இருக்கலாம். அடுத்து மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்கும் கால் குடைச்சலுக்கும் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை காம உந்துதலைத் தூண்டக்கூடும். மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் பற்றியும் 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சீட்டைப் பார்த்துவிட்டு நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதிய மருத்துவரிடம் அனுப்புங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவரின் குணமே மாறியிருந்தால் மூளையின் முன்பகுதியைச் சோதிக்க வேண்டும். மனச்சோர்வு, தனிமை, குடி, தம்பதியருக்குள் பேச்சற்றுப்போனது எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் படம் பார்க்கும் கணக்குக்கு வர வேண்டும். "எத்தனை மணி நேரம்?" என்று எடுத்தவுடன் கேட்டால் அவர் பொய்தான் சொல்வார், அதற்குள் நீங்களும் நீதிபதியாகிவிட்டீர்கள்.

இனி நான் மன்றாடிக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். சில போதை மறுவாழ்வு மையங்களின் பலகைகளில் மது, கஞ்சா என்ற வரிசையோடு 'செல்போன், ஆபாசப் படம்' என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். அரண்ட பெற்றோர் பிள்ளையைக் கொண்டுபோய் அடைத்துவிட்டு வருகிறார்கள். அடைபட்டவனுக்குச் சட்டம் இருக்கிறது, அம்மா. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஊரின் ஒழுக்க மதிப்பீட்டுக்கு ஒத்துவராதவர் என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. 89-ஆவது பிரிவின்படி, தானாகச் சம்மதிக்காத வயதுவந்தவரைச் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு வல்லுநரும் அவரைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். மனநல மையம் என்றால் பதிவு கட்டாயம். பதிவுச் சான்றிதழ் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பிள்ளையை உள்ளே விடுவதற்கு முன் அந்தச் சுவரைப் பாருங்கள். பயமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது மனநல உதவிக்கான அரசின் இலவச டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை. மருத்துவர் அம்மா பேசுவதற்குக் காத்திருக்கிறார்கள். வாசலில் இடதுபக்க மேசையில் மாநில மனநல ஆணையத்துக்கான மனு இருக்கிறது. உங்கள் பகுதியில் இப்படிப் பலகை வைத்திருக்கும் மையத்தின் முகவரியை மட்டும் அதில் எழுதுங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பதிவு எண் எழுதும் கட்டத்தில், சான்றிதழ் சுவரில் இல்லையென்றால் "மாட்டப்படவில்லை" என்று எழுதி, நீங்கள் பார்த்த தேதியையும் போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதுங்கள். பேனா மேசையிலேயே இருக்கிறது. வணக்கம்.