தாளம் போடத் தெரிந்த காதுக்கு உலக இசை

நேயர்களுக்கு வணக்கம்.

உலக இசையில் கட்டாயம் கேட்க வேண்டிய ஆல்பங்கள் எவை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. நூறு பெயர், ஐந்நூறு பெயர் என்று போய்க்கொண்டே இருக்கும். படித்தால் மலைப்புதான் மிஞ்சும். சென்னையில் இருக்கும் நமக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கும் ஊர் இது. மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காதை வைத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றிவரலாம்.

அப்படிச் சுற்றியவர் ஒருவர் உண்டு. ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1950களில் சென்னைக்கு வந்து டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாளின் தம்பி. பிரவுன் மிருதங்கத்தைப் பற்றியே ஆய்வு செய்து 1965இல் முனைவர் பட்டம் வாங்கினார். தான் பணியாற்றிய வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு 1963இல் தன் ஆசிரியரையே வரவழைத்தார். உலக இசை என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பொதுவாக இவரைத்தான் சொல்வார்கள். லண்டனில் இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் கூடிப் பேசி, கடை அலமாரிக்கு அந்தப் பெயரை ஒட்டியது 1987இல்தான். நம்மூர் மிருதங்கத்தில் பழகிய காதோடு போனவர்தான் கேமலான் என்ற ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழு இசையை ஒலிப்பதிவு செய்து உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அவர் யோக்யகர்த்தா நகரின் பாகுஆலமன் அரண்மனையில் 1971இல் ஒலிப்பதிவு செய்த ‘ஜாவனீஸ் கோர்ட் கேமலான்’ ஆல்பத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கேத்தவாங் புஸ்பவர்ணா’ என்ற உருப்படி இருக்கிறது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில், நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டோடு இதுவும் இருக்கிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். தொடக்கத்தில் வேகம் தணிந்து ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் நல்ல விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, எட்டு அட்சர ஆதி தாளம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆவர்த்தனச் சுற்று, அதாவது 16 அட்சர எண்ணிக்கை முடியும் இடத்தில், கடைசி அட்சரத்தின் மேல் கோங் என்ற பெரிய வெண்கலச் சேகண்டியின் அடி விழும். நமக்குக் கனமான இடம் முதல் தட்டு. அவர்களுக்கு வட்டம் முடிகிற அடிதான் கனம். முதலில் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் ஜாவா இசைக்குள் நுழைகிற இடம். வெறும் வெண்கல ஒலி மயக்கம் என்று பின்னணியில் ஓடவிட்டால் இது பிடிபடவே பிடிபடாது.

ஆப்பிரிக்காவில் ஒன்றே ஒன்று சொல் என்றால் தயங்காமல் ‘நியூ ஏன்ஷியன்ட் ஸ்ட்ரிங்ஸ்’ என்பேன். மாலி நாட்டின் துமானி ஜபாத்தே, பலாக்கே சிசோக்கோ இருவரும் வாசித்த கோரா இசை. பெரிய சுரைக்காயைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட கழுத்து வைத்து 21 தந்திகள் கட்டினால் கோரா. வாசிப்பவர் அதைத் தன்னை நோக்கி நிறுத்திக்கொண்டு, இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், இந்த நான்கை மட்டும் வைத்து வாசிப்பார். மற்ற விரல்கள் பிடியைப் பற்றிக்கொண்டிருக்கும். கட்டைவிரல்கள் கீழ்ஸ்தாயியில் ஒரு சுழற்சியை விடாமல் நடத்த, ஆள்காட்டி விரல்கள் மேலே கற்பனையாகப் பொழிந்துகொண்டிருக்கும். ஒருவர் வாசிப்பதே மூன்று பேர் வாசிப்பதுபோல் கேட்கும். இங்கே இரண்டு பேர்.

இவர்கள் பரம்பரையாகப் பாட்டும் கதையும் வம்ச வரலாறும் சொல்லிவந்த ஜெலி குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இருவரின் தந்தைமார்களும் பெரிய கோரா கலைஞர்கள். அந்தத் தலைமுறையின் வாசிப்பு 1970இல் இசைத்தட்டாக வந்தது. 1997இல் தலைநகர் பமாகோவில், பளிங்குச் சுவர் கொண்ட மண்டபம் ஒன்றில், ஒரே இரவில் பிள்ளைகள் அந்தத் தட்டுக்குப் பதில் வாசித்தார்கள். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. ஆல்பம் 1999இல் வெளிவந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். ஒரு கோரா கேட்க, இன்னொன்று பதில் சொல்லும். ஒருவர் முன்னே போகும்போது மற்றவர் எப்படி ஒதுங்கி இடம் விடுகிறார் என்பதை மட்டும் கவனித்தாலே போதும். நல்ல வயலின் பக்கவாத்தியத்தை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துமானி 2024இல் காலமானார்.

மாலி என்றதும் கியூபாவும் நினைவுக்கு வருகிறது. 1996இல் மாலிக் கலைஞர்களையும் கியூபாக் கலைஞர்களையும் ஹவானாவில் சேர்த்து ஒலிப்பதிவு செய்யத்தான் திட்டம். விசா சிக்கலில் மாலிக்காரர்கள் வந்து சேரவில்லை. இருக்கிறவர்களை வைத்துப் பதிவு செய்ததுதான் உலகமே கொண்டாடிய ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’. அதை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை.

பல்கேரியப் பெண்கள் சேர்ந்திசை, ‘லே மிஸ்தேர் தே வுவா பல்கார்’, முதல் தடவை கேட்கும்போது சிலருக்குக் காது கூசும். அடுத்தடுத்த இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில், முழுத் தொண்டையில், அசையாமல் பிடிப்பார்கள். தம்புராவோடு இழைவதையே சுருதி சுத்தம் என்று பழகிய நமக்கு அது உரசலாகப் படும். மூன்றாவது பாட்டுக்குள் அந்த உரசலே இனிக்கத் தொடங்கிவிடும். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கலப்பிசையைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் கறார் உண்டு. ஆளுக்கொரு அறையில் தனித்தனியே வாசித்துப் பிறகு ஒட்டியவை என் மனதில் நிற்பதில்லை. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் (கிட்டாரை மாற்றியமைத்த வாத்தியம்) அமெரிக்கக் கலைஞர் ரை கூடரின் கிட்டாரும் சேர்ந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ அப்படியல்ல. இருவரும் சந்தித்துச் சற்று நேரத்திலேயே, அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் 1992இல் நேரடியாகப் பதிவானது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருதை வாங்கிய ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் நம் விக்கு விநாயக்ராமின் கடம் ஒலிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, வானொலியில் பேசிவிட்டு உம் குல்தூமைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. எகிப்தின் மகத்தான பாடகி. அவர் பாடிய நாட்களில், கச்சேரி சீசனில் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழன் இரவு அவர் கச்சேரி கெய்ரோ வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும். அரபு தேசங்கள் முழுக்க மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். 1964இல் அவர் முதன்முதலாகப் பாடிய ‘எந்த ஒம்ரி’யைத் தேடி எடுங்கள். முகமது அப்துல் வகாப் இசையமைத்தது. ஒரே பாட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீண்ட வாத்திய முன்னுரை முடிந்துதான் குரல் வரும். அதில் மின்சாரக் கிட்டார்கூட இருக்கிறது. அந்தக் காலத்து அரபு ரசிகர்களுக்கு அது பெரிய புதுமை.

குரல் வந்த பிறகுதான் விஷயமே. ஒரு வரியைப் பாடுவார். கூட்டம் ஆரவாரிக்கும். அதே வரியைத் திரும்பப் பாடுவார், வேறு இடத்தில் இழைத்து, வேறு சொல்லில் நின்று. மறுபடியும் ஆரவாரம், மறுபடியும் அதே வரி. ஒரே வரியைக் கற்பனையோடு விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலைக் கேட்டுப் பழகியவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வரியை எவ்வளவு நேரம் பாடுவது என்பதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. அதனால் ரசிகர் குரலோடு இருக்கும் கச்சேரிப் பதிவைத்தான் கேட்க வேண்டும், ஸ்டுடியோ பதிவு வேண்டாம். பாட்டைச் சுருக்கி வெளியிட்ட பதிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் முழுதாக ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

நன்றி, வணக்கம்.