வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதை வீடுதான் முடிவு செய்தது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, பொன்மலைக் காலனிக் குடும்பங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ரயில்வே தொழிலாளி குடும்பத்தின் வரலாற்றைப் பெரிதும் சுமந்தது பணிமனையா, வீடா?' இதுதான் இன்றைய தலைப்பு. அண்ணன் பணிமனை என்றார். 1928, 1946, 1974 என்று மூன்று போராட்ட ஆண்டுகளை அடுக்கினார். எல்லாமே கேட் வாசலிலும் திடலிலும் தண்டவாளத்திலும் நடந்தவை, இதில் வீட்டுக்கு என்ன பங்கு என்று கேட்டார். வேறு ஆண்டுகள் எனக்கு வேண்டாம் ஐயா. அந்த மூன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

1928. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப்பை திருச்சியில் இருக்கும் இந்தப் பொன்மலைக்குக் கொண்டுவந்த காலம். கூடவே ஆட்குறைப்பு. ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. வேலைநிறுத்தத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். இவ்வளவும் அண்ணன் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரங்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். குடும்பங்களை? என் கொள்ளுப்பாட்டி நாகையிலிருந்து அப்படி வந்தவர். கடல் மீனிலேயே வளர்ந்தவர், காவிரி மீனைக் கழுவும்போதெல்லாம் "இதுல உப்பே இல்லையே" என்று முணுமுணுப்பாராம். சொந்தபந்தம் இல்லாத ஊர், வேலை நிலைக்குமா என்று தெரியாத புருஷன். பக்கத்து வீட்டுக்காரியைத் தங்கச்சியாக்கி, எதிர் வீட்டுக்காரியை அக்காவாக்கி, இந்தப் பொட்டல் வெளியை ஊராக்கியவர்கள் அவரைப் போன்றவர்கள்.

1946 செப்டம்பர் 5. சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த ஐவர் பெயரையும் சொல்லி அஞ்சலி செலுத்துகிறோம், செலுத்தத்தான் வேண்டும். செப்டம்பர் 6-ஆம் தேதி அந்த வீடுகளில் அடுப்பு மூட்டியது யார்? தாயா, மனைவியா, அக்காவா? அவர்கள் பெயரை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இப்போது 1974-க்கு வருகிறேன். கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கிறேன், ஏனென்றால் இது என் அம்மாவின் கதை.

மே 8-ஆம் தேதி தொடங்கிய, நாடு தழுவிய அந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, எட்டு மணி நேர வேலை. அந்தக் கோரிக்கையின் நியாயம் வீட்டுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? அப்பா நீராவி இன்ஜினில் பயர்மேன். நள்ளிரவில் 'கால் பாய்', அதாவது டூட்டிக்குக் கூப்பிட வரும் ஆள், வந்து கதவைத் தட்டுவார். அப்பா எழுந்திருக்கும் முன் அம்மா எழுந்துவிடுவார். உலை வைத்து, சோறு வடித்து, டிபன் கேரியரைக் கட்டி வைப்பார். போன மனுஷன் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. பகலில் வந்து படுத்தால், தெருப் பிள்ளைகள் பம்பரம் விடுவதைக்கூட அம்மா அடுத்த சந்துக்குத் துரத்திவிடுவார். அந்தத் தூக்கத்தை அம்மா காவல் காத்ததால்தான் அன்று இரவு அப்பாவால் கண் விழித்துக் கரி அள்ளிப் போட முடிந்தது. அதுவும் ரயில்வே வேலைதான் ஐயா! சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் அப்பா தலைமறைவு. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கைது, வேலைநீக்கம். எத்தனையோ ஊர்களில் குடும்பங்களைக் குவார்ட்டர்ஸை விட்டே வெளியேற்றினார்கள். சம்பளம் நின்றுபோனது. ராத்திரியில் வந்து "உன் புருஷன் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொன்னது யார்? தலைவர்கள் இல்லை, அவர்கள் சிறையில் இருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்துதான் மளிகைக் கடைக்குப் போவார்கள். தனியாகப் போனால் கடைக்காரர் பற்று நோட்டை மூடிவிடுவார் என்ற பயம். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு என்று பங்கு போட்டுச் சமைத்தார்கள். வேலைக்குத் திரும்பிவிடச் சொல்லி அம்மா ஒரு சொல் அனுப்பியிருந்தால் அப்பா மறுநாளே திரும்பியிருப்பார். அம்மா அனுப்பவில்லை. மே 27 வரை, இருபது நாள், அந்த வேலைநிறுத்தம் அடுக்களையில்தான் உயிரோடு இருந்தது.

"சம்பளம் கொண்டுவந்தது அவர்தானே" என்றார் அண்ணன். சரி, அவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால்? கருணை அடிப்படையில் வேலை கிடைத்து, கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாக, ஒர்க்‌ஷாப்புக்குள் போன அக்காக்கள் இந்த ஊரில் உண்டு. காலையில் சங்கு ஊதுவதற்குள் பிள்ளைகளுக்குத் தலை வாரி, சோறு கட்டிக்கொடுத்து, ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். புருஷன் செய்த வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள்? அண்ணன் மறுபடி தமது முறை வரும்போது இதற்கு மட்டுமாவது பதில் சொல்லட்டும்.

தொழிலாளியின் இடமாற்றம், ஊதிய உயர்வு, தண்டனை எல்லாவற்றுக்கும் சர்வீஸ் ரெஜிஸ்டர் சாட்சி சொல்லும். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்ப வரலாறு எழுதினால் அதில் என் அப்பா இருப்பார், அம்மா வாரிசுப் பெயராக ஒரு வரியில் இருப்பார். அந்த வரலாற்றை நான் ஏற்க மாட்டேன்.

நடுவர் ஐயா, எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. 1974-இல் இதே காலனியில் குடியிருந்த அத்தை ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள். அத்தை, மேலே வாங்க.