சிசேரியனுக்குப் பிறகு என் வயிறு ஏன் உப்பியது?

வணக்கம். பாப்பா இப்போதுதான் தூங்கினாள், மெதுவாகத்தான் பேசுவேன். இடையில் மணிச் சத்தம் கேட்டால், தெருவிலிருந்து யாரோ எங்கள் மாடியிலிருந்து தொங்கும் மணிக் கயிற்றை இழுக்கிறார்கள் என்று அர்த்தம். யாங்கோனில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் கேட்டார், "காற்று பிரிந்ததா?" பக்கத்தில் மாமனார் நின்றார். கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன். பிரியவே இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் வயிறு மறுபடி நிறைமாதம் போல உப்பியது, தட்டினால் தவில் மாதிரி சத்தம். வாயுதான் என்று அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தார். ராத்திரி பச்சையாக வாந்தி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் அசையாமல் நின்றுவிட்டதாம். வாய்வழி எதுவும் கிடையாது, மூக்கு வழியாகக் குழாய், டிரிப், ரத்தத்தில் குறைந்த பொட்டாசியத்தையும் ஏற்றினார்கள். இரண்டு நாளில் காற்று பிரிந்ததும் அத்தை அழுதே விட்டார்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு குடல் கொஞ்ச நேரம் மந்தமாவது சகஜம். டிரமடால் போன்ற வலி மருந்துகள் இன்னும் மந்தமாக்கும். சத்துக்குறைவுக்குத் தரும் இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும்.

அரிதாக இன்னொன்று வரும். எந்த அடைப்பும் இல்லாமலே பெருங்குடல் ஊதிப்போகும். ஓகில்வி என்ற அறுவை மருத்துவர் 1948ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். பெருங்குடலின் வலப்பக்க ஆரம்பம் 9 செ.மீ.க்கு மேல் விரிந்தால் கவலை, 12ஐத் தாண்டினால் ஓட்டை விழும் பயம் அதிகம். இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி குடலை அசைய வைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி போடுவார்கள், இல்லையென்றால் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுப்பார்கள். ஓட்டை விழுந்துவிட்டால் ஆபரேஷன்தான். இந்த ஓகில்வி நோயில் காற்று பிரிந்துகொண்டேகூட இருக்கலாம், அதனால் பிரிகிறதே என்று உப்புசத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, நாம் செய்யக்கூடியது? டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடங்கள். தையல்மேல் தலையணையை அணைத்துக்கொண்டால் இருமும்போது வலி குறையும். சூயிங் கம் மெல்லலாம். சாப்பாடு வருகிறதென்று குடல் விழித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது என்ற பத்தியம் மட்டும் வேண்டாம், பால் கொடுக்கும் உடம்பு அது. மலம் இறுகினால் லாக்டுலோஸ் கேளுங்கள்.

ஆனால் உப்புசத்தோடு வாந்தியும் வந்தால் பேதி மருந்து, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். காய்ச்சலோ வலப்பக்க வலியோ சேர்ந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். படி இறங்க முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். மூன்று மாடியும் என்னை அப்படித்தான் இறக்கினார்கள்.