எந்த ஏரியா நீ?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் இரண்டு பள்ளிக்கூடங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு நீண்ட பஸ் பயணம். சென்னையில் ஆற்றோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் பிறந்து, நகரத்தின் விளிம்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள். கூவத்தை ஒட்டி வீடு. அம்மா விடியற்காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையில் சுமந்து புதுப்பேட்டைத் தெருக்களில் விற்பார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். முதல் மணி அடித்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் பிரேயருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தெருவில் யார் வேண்டுமானாலும் என்னை நிறுத்தி, "ஏய், மீன்காரம்மா பொண்ணுதானே, இன்னும் ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்பார்கள். நான் யார் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. 2002-ஆம் வருடம். லாரி வந்தது. பீரோ, அடுப்பு, தண்ணீர்க் குடங்கள், என் புத்தகப் பை எல்லாம் ஏறின. துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் ஒரு அறை வீடு ஒதுக்கியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் குடியேற்றம் தொடங்கிய இடம் அது. இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அன்று சுற்றிலும் சதுப்பு நிலம், பாதி முடிந்த சுவர்கள், குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வருடக் கடைசியில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அத்தனை பிள்ளைகளுக்கும் போதுமான பள்ளிக்கூடம் அப்போது அங்கே கிடையாது. "பரீட்சை முடியறவரைக்கும் பழைய ஸ்கூலுக்கே போ" என்று அம்மா முடிவு செய்தார்.

அந்தப் பயணத்தைச் சொல்லியாக வேண்டும். இருட்டோடு எழுந்து, துரைப்பாக்கம் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து நிற்போம். ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்போம், எல்லோர் கழுத்திலும் பாஸ் தொங்கும். பாஸில் ஒட்டியிருந்த என் போட்டோ பழைய வீட்டு வாசலில் எடுத்தது. பின்னால் எங்கள் நீலக் கதவு கொஞ்சம் தெரியும். வியர்வையும் மழையும் பட்டு லேமினேஷன் ஓரம் பிரிந்து, முதலில் கதவு வெளுத்தது, அப்புறம் என் முகம் வெளுத்தது. கண்டக்டர் ஒருவர் பாஸை வாங்கி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீயாம்மா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

தரமணியில் டைடல் பார்க் கண்ணாடியெல்லாம் பளபளவென்று புதிதாக நின்றுகொண்டிருக்கும். அதே சாலைதான் பிறகு ஐ.டி. சாலை ஆனது. மீன் வியாபாரம் கைவிட்டுப் போன பிறகு அம்மா அந்தச் சாலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனார். எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். எங்களோடு பஸ் ஏறிய பிள்ளைகளில் சிலர் பரீட்சை வரைகூட வரவில்லை. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாள். ஒருவன் பாரிமுனையில் கடை வேலைக்குப் போனான். அவர்களுக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தூரம்தான் அவர்களை நிறுத்தியது.

ஒன்பதாம் வகுப்புக்கு டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் யாரும் பேர் கேட்கவில்லை. "எந்த ஏரியா நீ?" என்றுதான் கேட்டார்கள். எல்லோரும் எங்கேயோ இருந்து வந்தவர்கள். கிரீம்ஸ் ரோடு பசங்க ஒரு பெஞ்ச், மயிலாப்பூர் பசங்க ஒரு பெஞ்ச், சேத்துப்பட்டு பசங்க ஒரு பெஞ்ச். எங்கள் வீடுகள் அங்கே இடிந்துபோயிருந்தன, ஆனால் இங்கே பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்திருந்தன. இடைவேளையில் சண்டை வந்தாலும் ஏரியா பேர் சொல்லித்தான் வரும். கண்ணகி நகர் என்று யாருமே தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. வேலைக்கு மனுப் போடும் அண்ணன்கள் துரைப்பாக்கம் என்று எழுதுவார்கள். ஏனென்றால் உண்மையான முகவரியைப் பார்த்ததும் முகம் மாறியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். எங்கள் பிளாக்கில் ஒரு அண்ணன் டிப்ளமா முடித்து இன்டர்வியூவுக்குப் போனார். கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். கடைசியில் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு ஃபைலை மூடிவிட்டார்கள்.

எங்களைக் கலைத்துப் போட்டு ஒன்றாக்கியவர் பி.டி. சார். பெண்களுக்குக் கபடி டீம் போட்டார். ஆளெடுக்கும்போது ஏரியா பார்க்கவில்லை. கிரீம்ஸ் ரோடு பெண்ணும் நானும் கார்னரில் கைகோத்து நிற்க வேண்டியதாயிற்று. கபடியில் அந்தக் கைப்பிடி விட்டுப்போனால் ரெய்டர் தப்பித்துப் போய்விடுவாள். பிடிக்காத பெண்ணின் கையைத்தான் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணி வரை மண்ணில் புரண்டு, முழங்கை தேய்ந்து, அவள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகும் அளவுக்கு வந்துவிட்டோம்.

சோனல் மேட்ச் அன்று எங்கள் டீம் களத்துக்குள் போனதும் அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு. "கண்ணகி நகர் பொண்ணுங்களாம், பார்த்து." அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். அப்போது எங்களோடு வந்திருந்த பசங்க, அதுவரை மூன்று பெஞ்சாக உட்கார்ந்திருந்த அதே பசங்க, ஒரே குரலில் கத்தினார்கள்: "கண்ணகி நகர்! கண்ணகி நகர்!" அதற்கு முன்னால் அந்தப் பேரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேட்ச் தோற்றோம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு ஆளுக்கு முந்திக்கொண்டு பேர் சொன்னோம், துரைப்பாக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா. செய்தித்தாள் எதைத் திறந்தாலும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே போட்டிருந்தது. நான் இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். கார்த்திகா எனக்கு அறிமுகம் இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பேரை ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இதெல்லாம் இனித்து முடிந்த கதையாகிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், கூவம் சீரமைப்பின் பேரிலும் குடும்பங்கள் நகரத்தின் விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பல வீடுகளில் படிப்பு நடுவருடத்தில் அறுந்தது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. பரீட்சை எழுதும் பிள்ளை எந்தச் சுவரோரம் உட்கார்ந்து படிக்கும்?

இந்த நகரம் ஏழைப் பிள்ளையை நினைக்காத நகரம் இல்லை. 1920-ல், தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது இங்கேதான். பிறகு காமராஜர், எம்.ஜி.ஆர். என்று அது மாநிலம் முழுக்கப் பெருகியது. 2022-ல் காலை உணவும் வந்தது. பிள்ளையின் வயிற்றைப் பார்த்த அரசாங்கத்தால் பிள்ளையின் பள்ளிக்கூட நாட்காட்டியையும் பார்க்க முடியும்.

வீடு மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆண்டுத் தேர்வு முடியும்வரை பொறுங்கள். போகும் இடத்தில் பள்ளிக்கூடம் முதலில் நடக்கட்டும், லாரி அப்புறம் வரட்டும். வீட்டுச் சாவியோடு பிள்ளையின் பள்ளி, வகுப்பு, பிரிவு எழுதிய ஒரு தாளையும் அந்த அம்மாவின் கையில் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.