நாப்பழக்கம்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர்கள் வாழும் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வாயனசாலை என்கிற நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை வகிக்கும் பஞ்சாயத்து பிரசிடென்ட் அவர்களே, மழையிலும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, வாயனசாலைச் செயலர் அவர்களே, இந்த வருஷமும் மைக் செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்ட தம்பியே, தாய்மார்களே! யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

இளைஞர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பில்லி ஐலிஷைப் பிரபலமாக்கிய பாட்டும் அதற்குக் கிடைத்த வரவேற்பும்'. பில்லி ஐலிஷ் ஓர் அமெரிக்கப் பாடகி. 70 வயதுக்காரனை மடக்கப் பார்த்தார்கள். சரி, மூன்று விஷயம் சொல்கிறேன்: பாட்டு பிறந்த கதை, அதற்குக் கிடைத்த வரவேற்பு, இணையத்தால் பாட்டுத் தொழில் மாறிய விதம்.

2015 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ். 13 வயதுப் பெண் பில்லியிடம் டான்ஸ் டீச்சர் ஆடுவதற்கு ஒரு பாட்டு கேட்டார். அண்ணன் ஃபின்னியஸ் தன் பேண்டுக்கு எழுதிய 'ஓஷன் ஐஸ்' பாட்டைத் தங்கைக்குக் கொடுத்தான். அவனுடைய படுக்கையறையிலேயே பதிந்து, டீச்சருக்காகச் சவுண்ட்கிளவுட் என்ற பாட்டு இணையதளத்தில் போட்டார்கள். டீச்சருக்குப் போட்டதை ஊரே கேட்டது. மறு வருஷம் நவம்பரில் இசைக் கம்பெனி அதைச் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக வெளியிட்டது. இந்தத் திறமை எப்படி வந்தது? பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்த பிள்ளைகள். பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்!

நம் பக்கத்துச் சித்தூரில் பிறந்த சினிமாப் பின்னணிப் பாடகி பி. லீலாவும் 1947இல் 'கங்கணம்' என்ற தமிழ்ப் படத்தில் பாடியபோது ஏறக்குறைய அதே வயதுதான். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பழகியவர். அவருக்குத் தாய்மொழி மலையாளம். அதில் தப்பே இல்லை.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிப் பார்த்த அன்று, எட்டாவது படிக்கும் என் பேத்தி, "தாத்தா, நானும் ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன்" என்றாள். கரண்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தோம். கொசுவைத் திட்டிக்கொண்டே அவள் அப்பத்தாவும் வந்து உட்கார்ந்தாள். பேத்தி போனில் ஏதோ தாளத்தை ஓடவிட்டுப் பாடினாள்:

"தென்னையேறிப் போன மாமன்
நிலாவையும் எறக்கி வந்தான்..."

அப்பத்தாவின் தகப்பனார் கள்ளிறக்கியவர். அவள் கைவிசிறி நின்றுவிட்டது. "இன்னொருக்கா பாடு கண்ணு" என்றாள். மூன்று தரம் பாடவைத்தாள். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ரேடியோவா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தத் தாளைக் கொடு, விழாவில் படிக்கிறேன்" என்று வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அத்தனையும் மலையாள எழுத்து. 'எறக்கி'க்கு வல்லின றகரம்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாள், மலையாளத்தில்! வீட்டில் வாய் திறந்தால் தமிழ்தான். எழுத யாரும் கற்றுத்தரவில்லை, நானும்தான். நாப்பழக்கம் இருக்கிறது, கைப்பழக்கம் இல்லை.

ஆகவே வரவேற்பையும் இணையத்தையும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம். வாயனசாலை மாடியில் உடைந்த நாற்காலியும் பழைய பேனரும் கிடக்கிற அறையில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், தமிழ் எழுத்து நானே சொல்லித்தருகிறேன். பலகையும் சாக்பீசும் என் செலவு. செயலர் அவர்களே, அந்த மாடிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?